தாய்மனம் எழுதிய தீர்ப்பு

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் உலாவ வரும் பெற்றோரின் பேச்சில் பாதி பிள்ளைகளின் கல்யாணத்தைப் பற்றியே இருக்கும். அந்தப் பிள்ளை ஒருநாள், "என் மனம் என் பாலினத்தவரிடமே செல்கிறது" என்று சொல்லிவிட்டால்? அன்று அவ்வீட்டில் அடுப்பு எரியாது. "எங்கள் வளர்ப்பில் என்ன குறை?" என்று தாய் கண்ணீர் வடிப்பாள், தகப்பனார் வைத்தியரைத் தேடிப் புறப்படுவார். இவ்விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று நேயர்கள் சிலர் கேட்கக் கூடும். குடும்பத்தில் நேரும் துன்பத்தைக் குடும்பப் பத்திரிகை பேசாமல் வேறு யார் பேசுவது?

இதில் புதுவைக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. மனமொத்த பெரியவர்களின் தன்பாலுறவை பிரான்ஸ் தேசம் 1791-ஆம் ஆண்டிலேயே தன் தண்டனைச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆகவே பிரெஞ்சுச் சட்டம் நடந்த புதுவையில் அது குற்றமாக இருக்கவில்லை. அடுத்திருந்த கடலூரிலோ, ஆங்கிலேயர் 1862 முதல் அமலாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு ஆயுள் தண்டனை வரை விதித்தது. 1954 நவம்பர் 1-இல் புதுவை தாய்நாட்டோடு சேர்ந்தது. 1963 அக்டோபர் 1-இல் அந்தச் சட்டமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது! ஆங்கிலேயர் கப்பலேறிப் பதினாறு ஆண்டுகள் ஆன பின்பு, அவர்கள் எழுதிய சட்டத்தை நாமே புதுவைக்குக் கொண்டு வந்தோம். 2018 செப்டம்பர் 6-இல்தான் உச்ச நீதிமன்றம் மனமொத்த பெரியவர்களை அப்பிரிவிலிருந்து விடுவித்தது.

சட்டம் ஒரு நாளில் வரும். ஒரு நாளில் போகும். பெற்ற மனம் அப்படி மாறுமா?

மாறிய ஒரு தாயை நாம் அறிவோம். 1991-இல் இமாசலப் பிரதேசத்தின் தலைமை நீதிபதியாகி, உயர் நீதிமன்றம் ஒன்றுக்குத் தலைமை வகித்த முதற் பெண்மணி என்ற பெருமை பெற்ற லீலா சேத் அவர்களே அத்தாய். அவருடைய மூத்த மகன் நாவலாசிரியர் விக்ரம் சேத். மகனின் இயல்பை ஏற்பது தமக்கு எளிதாக இருக்கவில்லை என்பதை 2003-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவர் மறைக்கவில்லை. கணவருக்கோ இன்னும் கடினமாக இருந்தது. ஆயினும் அன்பு முந்திக்கொண்டது. விளக்கம் பின்னால் வந்தது.

2000-ஆம் ஆண்டில் 377-வது பிரிவை நீக்கும்படி சிபாரிசு செய்த சட்ட ஆணையத்தில் அவரும் ஓர் உறுப்பினர். 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையைக் காக்க, பத்தொன்பது பெற்றோர் உச்ச நீதிமன்றத்தின் படியேறினர். 2013 டிசம்பரில் அவ்விடுதலை பறிபோயிற்று. மறுமாதமே லீலா சேத், தம் மகன் சட்டத்தின் கண்ணில் மீண்டும் குற்றவாளியாகிவிட்டான் என்று ஊரறிய எழுதினார். 2017 மே மாதத்தில் அவர் காலமானார். வெற்றியைக் காண அவருக்கு இன்னும் பதினாறு மாதங்கள் கிடைக்கவில்லை.

எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிடுவதில்லை. இதைச் சொன்னது, புதுவையும் உட்பட்டிருக்கும் சென்னை உயர் நீதிமன்றமே. 2025 மே மாதத்தில், தோழியோடு வாழ விரும்பிய ஒரு பெண்ணைப் பெற்றோரின் காவலிலிருந்து விடுவித்தபோது அந்நீதிமன்றம் அவ்வாறு கூறிற்று. மகள் மற்றப் பெண்களைப் போல் மணந்து வாழ வேண்டுமென்ற அத்தாயின் மனத்தை நீதிபதிகளால் மாற்ற முடியவில்லை. அவளை நாம் கல்நெஞ்சக்காரி என்போமா? ஊர் வாய்க்கு அஞ்சும் மனம் அது.

அதே நீதிமன்றத்தில் 2021-இல் இத்தகைய வழக்கொன்றை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் பாடம் கேட்டார். பிறகே தீர்ப்பெழுதினார், இவ்வியல்பை வைத்தியத்தால் மாற்ற முயல்வதையும் தடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்களின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. வைத்தியரைத் தேடி அலையும் தகப்பனார்கள் இதை அறிவார்களாக.

நீதிபதியே மாணாக்கராகும்போது பெற்றோருக்கு என்ன வெட்கம்? விளங்கிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகலாம், ஆகட்டும். ஆனால் அதுவரையில் பிள்ளைக்கு இலை போடுவதை நிறுத்த வேண்டாம். வாசற்கதவைத் தாழிடவும் வேண்டாம்.