பழைய சில்லில் உறையும் கட்டளைகள்

பழைய எலெக்ட்ரானிக் யந்திரம் நின்றுவிட்டால் அதன் பலகையை மாற்றிவிடலாம் என்று அங்கத்தினர் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு. பலகை கிடைக்கலாம், அதை இயக்கிய கட்டளைத் தொகுதி எளிதில் கிடைப்பதில்லை. செய்தவர் தொழிலை மூடியிருப்பின், அதன் ஒரே பிரதி மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லினுள்தான் இருக்கக்கூடும்.

1976-இல் இன்டெல் வெளியிட்ட 8748-ஐ எடுத்துக்கொள்வோம். நாற்பது கால்கள், உள்ளே 1024 பைட்டு நினைவகம், மேலே ஒரு குவார்ட்ஸ் சாளரம். புற ஊதா ஒளி அதன்வழிப் புகுந்தால் எழுத்து அழியும். நேர் வெயில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழித்துவிடும். குழல் விளக்கிற்குச் சுமார் மூன்றாண்டு போதும். ஆதலின் சாளரத்தின்மேல் ஒட்டிய காகிதத்தை அழுக்கென்று எண்ணிக் கிழித்தலாகாது. மூடி வைத்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் மின்னேற்றம் கசியும். ஆகவே யந்திரம் ஓடும்போதே பிரதி எடுப்பது நலம்.

மின்சாரத்தை நிறுத்திச் சில்லைக் கழற்றி, அவ்வகையை ஏற்கும் படிப்புக் கருவியில் பொருத்த வேண்டும். சாதாரண நினைவகச் சில்லுக்குரிய கருவி இதற்கு உதவாது. மும்முறை படித்து ஒப்பிடுக; வேறுபாடு கண்டால் சில பிட்டுகள் தளர்ந்தன என்று கொள்க.

பின்வந்த 8751எச் வகையில் காப்பு பிட் உண்டு. அது இடப்பட்டிருப்பின் வெளியிலிருந்து படிக்க இயலாது; அதை நீக்கும் ஒளியே கட்டளைகளையும் நீக்கிவிடும். அத்தகைய சில்லை ஒளியில் வைத்துப் பூட்டைத் திறக்க முயல்வது வீண்.

முறைப்படி பெற்ற தொகுதிக்குக் காப்புப் பிரதி எடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது, விற்பதற்கன்று. எடுத்த பிரதியை யந்திரத்தின் எண்ணோடு இருப்புப் பதிவேட்டில் குறித்து, இரண்டு இடங்களில் வைக்கவும்.