செல்லுக்குள் நுழையும் தாவரப் பெப்டைடுகள்

மருந்து எட்டாத இடம்

நோயை உண்டாக்கும் புரதங்களுள் பல செல்லின் உட்புறத்தில் இயங்குபவை. மாத்திரைகளில் உள்ள சிறு மூலக்கூறுகள் பெரும்பாலும் 500 டால்டனுக்கு உட்பட்ட எடை கொண்டவையாதலின் செல்சவ்வை எளிதில் கடந்துவிடுகின்றன. ஆயினும், இரு புரதங்கள் அகன்ற பரப்பில் ஒட்டிக்கொள்ளும்போது அவற்றைப் பிரிக்கும் திறன் இவற்றுக்குக் குறைவு. ஆன்டிபாடிகள் எனப்படும் எதிர்ப்பொருள்கள் அப்பிணைப்பைத் தடுக்கவல்லவை எனினும், சுமார் 1,50,000 டால்டன் எடையுடையவையாதலின் செல்லுக்குள் புக இயலாதவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட குறும்புரதங்கள். செரிமான நொதிகளால் விரைவில் சிதைந்துபோவதே இவற்றின் குறை.

கொதித்தும் சிதையாத வளையம்

1960-களில் காங்கோவில் பணியாற்றிய நார்வே மருத்துவர் லோரண்ட்ஸ் கிரான், அங்குள்ள பெண்கள் மகப்பேற்றை விரைவுபடுத்த ஒரு செடியைக் கொதிக்கவைத்து அந்நீரைப் பருகுவதை அறிந்து ஆராய்ந்தபோது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருள் ஒரு பெப்டைடு எனத் தெரியவந்தது. கலாதா பி1 எனப் பெயரிடப்பட்ட அதன் வடிவம் 1995-இல் தெளிவாயிற்று. அதன் 29 அமினோ அமிலங்கள் தலையும் வாலும் இணைந்த வளையமாக அமைய, மூன்று கந்தகப் பிணைப்புகள் அவ்வளையத்தைக் குறுக்கே முடிச்சிட்டுக் கட்டுகின்றன. நொதிகள் கடித்துத் தொடங்குவதற்கு முனை இல்லாமையாலும் முடிச்சின் இறுக்கத்தாலும் அது வெப்பத்தையும் செரிமானத்தையும் தாங்குகிறது. சைக்ளோடைடுகள் எனப்படும் இவ்வகைப் பெப்டைடுகள் சங்குப்பூவிலும் ஓரிதழ்தாமரையிலும் உள்ளன. பூச்சிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே செடிகள் இவற்றைப் பெரிதும் உருவாக்குகின்றன.

செல்லுக்குள் ஒரு பணி

பாகற்காயின் பேரினத்தைச் சேர்ந்ததும் வியட்நாமில் காக் என வழங்குவதுமான பழத்தின் விதையிலுள்ள சைக்ளோடைடுகள், செல் தன் சுற்றிலுள்ள நீர்மத்தைச் சவ்வால் வளைத்து உள்ளிழுக்கும்போது அதனுடன் உட்புகுகின்றன. இவ்வளையத்தின் உறுதியான கட்டமைப்பைக் காத்துக்கொண்டு, அதன் ஒரு பகுதியில் வேறொரு பெப்டைடு வரிசையைப் பொருத்தும் முறை ஒட்டமைப்பு எனப்படும். சேதமுற்ற செல் பெருகாமல் தடுக்கும் பி53 என்னும் புரதத்தை, சில புற்றுநோய்களில் வேறொரு புரதம் பற்றி முடக்கிவிடுகிறது. அப்பிடியைத் தளர்த்தும் வரிசையைப் பொருத்தி 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய சைக்ளோடைடு, எலிகளில் புற்றுக்கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது.

மருந்தாவதற்குள் கடக்க வேண்டியவை

உட்புகும் பெப்டைடின் பெரும்பகுதி செல்லின் நுண்பைகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதும், குடலிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு குறைவாக இருப்பதும் இன்னும் தீர்க்கப்படாத சிக்கல்களாகும். கலாதா பி1 அளவு மிகும்போது இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கவல்லது. ஆய்வகத்தில் அளந்து, திருத்தி அமைக்கப்படும் மூலக்கூறுக்கும், பெப்டைடின் அளவு செடிக்குச் செடி மாறுபடும் கஷாயத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆகவே, கருவுற்ற பெண்கள் இத்தகைய செடிச்சாறுகளை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளுதலும், புற்றுநோயாளிகள் இவற்றை நம்பி நடைபெற்றுவரும் சிகிச்சையை நிறுத்துதலும் தவிர்க்கத்தக்கவை.