ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டரைத் தூங்கவைக்கலாமா? ஷார்ட்கட் போடும் முன் இதைக் கவனியுங்கள்!

மதியச் சாப்பாட்டுக்கு எழும் நேரம். எக்செலில் நாலு ஃபைல், பிரவுசரில் இருபது டேப் திறந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் மூடி ஷட்டவுன் செய்தால், திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். அப்படியே விட்டுவிட்டுப் போனால் கரன்ட் வீண். திரையில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

இதற்கு நடுவில் இருக்கும் வழிதான் 'ஸ்டாண்ட்பை'. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெயர் இது. அடுத்து வந்த விஸ்டாவில் இருந்து இதன் பெயர் 'ஸ்லீப்'.

ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் மெனு, பவர், ஸ்லீப் என்று போவதற்குப் பதில், டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாமே என்று பலரும் நினைப்பது இயல்புதான். அதற்கான டிப்ஸும் பல வருடங்களாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால், அந்த ஷார்ட்கட் பல கம்ப்யூட்டர்களில் சொன்ன வேலையைச் செய்வதில்லை. ஏன்?

ஸ்லீப், ஹைபர்னேட்: என்ன வித்தியாசம்?

ஸ்லீப் நிலையில் திரை, ஹார்ட் டிஸ்க், பிராசஸர் எல்லாம் ஓய்வுக்குப் போய்விடும். நீங்கள் திறந்துவைத்த வேலை முழுவதும் ரேம் மெமரியில் இருக்கும். அதைத் தக்கவைக்கக் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீபோர்டைத் தட்டினால் சில விநாடிகளில் எழுந்துவிடும்.

ஹைபர்னேட் அப்படியல்ல. ரேமில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதிவைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முழுசாக அணைந்துவிடும். மின்சாரம் தேவையில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால், எழுந்து வர ஸ்லீப்பைவிடச் சற்று நேரமாகும். அந்த ஃபைலுக்காக சி டிரைவில் சில ஜிபி இடமும் போகும்.

கரன்ட் போனால்தான் இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். பேட்டரி உள்ள லேப்டாப் தப்பித்துவிடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் ஸ்லீப்பில் இருக்கும்போது கரன்ட் போனால், ரேமில் இருந்த, சேவ் செய்யாத வேலை எல்லாம் காலி. ஹைபர்னேட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது.

பிரபலமான டிப்ஸில் என்ன சிக்கல்?

இணையத்தில் சுற்றும் அந்தக் கட்டளை 'ரன்டிஎல்எல்32' என்று தொடங்கும். 0, 1, 0 என்று முடியும். முதலில் உள்ள 0, 'ஹைபர்னேட் வேண்டாம், ஸ்லீப் போதும்' என்று சொல்வதாக நம்பப்படுகிறது. உண்மையில் ரன்டிஎல்எல்32 இந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது அல்ல. அந்த எண்களை அது உரிய இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. விளைவு, கம்ப்யூட்டரில் ஹைபர்னேட் வசதி ஆன் ஆகியிருந்தால், ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட்டுக்குப் போய்விடும்.

'அப்படியானால் ஹைபர்னேட்டையே ஆஃப் செய்துவிடுங்கள்' என்று அடுத்த டிப்ஸ் வரும். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால், அதை நம்பியிருக்கும் இரண்டு வசதிகளும் சேர்ந்தே போய்விடும். ஒன்று, விண்டோஸைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இன்னொன்று 'ஹைப்ரிட் ஸ்லீப்'. ரேமில் வைத்திருப்பதை ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்துவைக்கும் ஏற்பாடு இது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புக்குக் கரன்ட் கட்டில் கைகொடுப்பது இதுதான். ஒரு கிளிக்கை மிச்சம் பிடிக்கப்போய் இந்தப் பாதுகாப்பை இழக்க வேண்டுமா?

ஸ்லீப்புக்கு ஷார்ட்கட்டே தேவையில்லை

கீபோர்டில் விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மெனு வந்ததும் யூ, அடுத்து எஸ். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் தூங்கிவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது வேலை செய்யும்.

இதைவிடச் சுலபமான ஷார்ட்கட் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது: பவர் பட்டன். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் 'ஸ்லீப்' என்று மாற்றி சேவ் செய்யுங்கள். லேப்டாப் என்றால் மூடியை மூடும்போது என்ன ஆக வேண்டும் என்பதையும் இங்கேயே முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பட்டனை லேசாகத் தட்டினால் போதும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் வலுக்கட்டாயமாக அணைந்துவிடும்.

ஹைபர்னேட்டுக்கு ஷார்ட்கட் போடுவது எப்படி?

டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வேண்டும் என்றால் ஹைபர்னேட்டுக்குப் போடலாம். இதற்கு விண்டோஸே நேரடியான கட்டளை வைத்திருக்கிறது.

1. முதலில் ஹைபர்னேட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன அதே பவர் பட்டன் பக்கத்தில், 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்பதை கிளிக் செய்தால், கீழே ஹைபர்னேட் என்ற கட்டத்தில் டிக் செய்ய முடியும்.

2. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ, ஷார்ட்கட் என்று போங்கள்.

3. வரும் பெட்டியில் ஷட்டவுன் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக டைப் செய்யுங்கள். ஒரு இடைவெளி விட்டு, கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள சாய்கோடு. அதை ஒட்டியே ஹெச் எழுத்து.

4. 'நெக்ஸ்ட்' கொடுத்து, பிடித்த பெயர் வைத்து 'ஃபினிஷ்' கொடுங்கள்.

கடைசி எழுத்தில் கவனம் தேவை. ஹெச்சுக்குப் பதில் எஸ் போட்டால் ஷட்டவுன், ஆர் போட்டால் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் ஐகானை மாற்றலாம். 'ஷார்ட்கட் கீ' என்ற இடத்தில் ஒரு எழுத்தை அழுத்தினால், கண்ட்ரோல், ஆல்ட் கீகளோடு அந்த எழுத்தையும் சேர்த்து அழுத்தியே இயக்கலாம்.

எப்போது எது?

டீ பிரேக், மீட்டிங், சாப்பாடு என்றால் ஸ்லீப் போதும். இரவு முழுக்க விட்டுவைப்பதாக இருந்தாலோ, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதாக இருந்தாலோ, அடிக்கடி கரன்ட் போகும் இடமாக இருந்தாலோ ஹைபர்னேட்தான் சரி. புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் நிலையிலும் மெயில் வருவது, அப்டேட் போன்ற வேலைகள் பின்னணியில் நடக்கலாம். பைக்குள் லேப்டாப் சூடாவதற்கும், பேட்டரி கரைவதற்கும் இது ஒரு காரணம்.

ஆபீஸில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செட்டிங்ஸில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போய், தூக்கத்தில் இருந்து எழும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் மவுஸை அசைப்பவர் யாராக இருந்தாலும் திறந்த ஃபைல்கள் எல்லாம் அவர் கண்முன்னால் வந்து நிற்கும்.

எந்த வழியாக இருந்தாலும், எழுந்திருப்பதற்கு முன் கண்ட்ரோலோடு எஸ் ஒரு தட்டு தட்டிவிடுங்கள். கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருந்தாலும், சேவ் செய்த வேலையைக் கரன்ட் கட் ஒன்றும் செய்ய முடியாது.