மூன்று சென்டிமீட்டர் மேடு

மாணவர்களே, ஆரம்பப் பள்ளியில் ‘எளிய எந்திரம்’ படித்தபோது சாய்தளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே சாய்தளம்தான் நடைபாதை ஓரத்தில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருக்கிறது. அது சரியாக அமைந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நாற்காலியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். எடை ஏறக்குறைய 800 நியூட்டன். நடைபாதையின் உயரம் 15 செ.மீ. சாய்தளத்தின் நீளம் 90 செ.மீ. என்றால், உராய்வை விட்டுவிட்டாலும், கைகள் சுமார் 133 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். நீளம் 180 செ.மீ. ஆனால் 67 நியூட்டன் போதும். செய்யும் வேலை இரண்டிலும் ஏறக்குறைய 120 ஜூல்தான். பாதை நீள்கிறது, பாரம் குறைகிறது. பல நாடுகளின் கட்டட விதிகள் 1:12 என்ற சரிவைச் சொல்வது இதனால்தான். இடமில்லை என்று சாய்தளத்தைக் குட்டையாகக் கட்டினால், மிச்சப்படுத்திய சிமெண்டுக்கு ஒருவரின் தோள்பட்டை விலை கொடுக்கிறது!

சரிவு சரியாக இருந்தும் ஏற முடியாமல் போவதுண்டு. சாய்தளம் தொடங்கும் இடத்தில், தார்ச்சாலைக்கு மேல் 3 செ.மீ. மேடு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் கவனிக்காமலே தாண்டிவிடுவோம். நாற்காலியின் பின்சக்கரம் பெரியது. ஆரம் சுமார் 30 செ.மீ. அந்த மேட்டில் ஏற, அது தாங்கும் எடையில் பாதியளவு விசை போதும். முன்சக்கரமோ சிறியது. அதன் ஆரம் 7.5 செ.மீ. என்றால், அது தாங்கும் எடையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான விசை தேவை. வேகமாக வந்து மோதினால் நாற்காலி நின்றுவிடும். அமர்ந்திருப்பவர் நிற்கமாட்டார். நிலைமம்! முன்னால் தூக்கி எறியப்படுவார்.

நம் ஊர் அஞ்சடிகளில் இன்னொரு சிக்கல். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளின் முன் கூரையுள்ள தொடர் நடைபாதை வேண்டும் என்றார். வெயிலுக்கும் மழைக்கும் அருமையான ஏற்பாடு. ஐந்தடி என்பது 152 செ.மீ.; சக்கர நாற்காலி முழு வட்டமாகத் திரும்ப ஏறக்குறைய 150 செ.மீ. வேண்டும். கணக்கு மயிரிழையில் பொருந்துகிறது. ஆனால் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவரிசையில் நடந்து பாருங்கள்: ஒரு கடையின் தரை உயரம், அடுத்தது பள்ளம், இடையில் படி. குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிளும் நின்றால், நாற்காலி சாலையில் இறங்கி, வண்டிகளோடு வண்டியாகப் போக வேண்டியதுதான்.

இந்த வாரம் ஓர் அடிக்கோலோடு உங்கள் பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லுங்கள். சாய்தளத்தின் கிடைநீளத்தை உயரத்தால் வகுங்கள். விடை 12க்குக் குறைந்தால் சரிவு அதிகம். பிறகு குனிந்து, அடியில் உள்ள மேட்டையும் அளந்து பாருங்கள்.