மீமாறுநிலை நீர் ஆக்சிசனேற்றத்தில் உப்புப் பிரிப்பு

மீமாறுநிலை நீர் ஆக்சிசனேற்றம் என்பது நச்சுத்தன்மையுள்ள கரிமக் கழிவுகளை, உயர் வெப்பமும் உயர் அழுத்தமும் கொண்ட நீரினுள்ளேயே ஆக்சிசனுடன் வினைபுரியச் செய்து அழிக்கும் முறை ஆகும். இவ்வினையின்போது உருவாகும் உப்புகள் நீரில் கரையாமல் படிந்து வினைக்கலனை அடைத்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்து வெளியேற்றுவது இம்முறையின் முதன்மையான பொறியியல் சிக்கல்களுள் ஒன்றாகும்.

நீரின் இயல்பு மாற்றம்

374 பாகை செல்சியசு வெப்பநிலைக்கும் 22.1 மெகாபாசுக்கல் அழுத்தத்திற்கும் மேல், நீரைத் திரவம் என்றோ ஆவி என்றோ பிரித்தறிய இயலாது. இதுவே மீமாறுநிலை எனப்படுகிறது.

அறை வெப்பநிலையில் நீரின் மின்கடத்தாப் பொருள் மாறிலி ஏறத்தாழ 80 ஆகும். இதனால் உப்பின் அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு வலுவிழந்து, உப்பு கரைகிறது. வினை நடைபெறும் 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில் இம்மாறிலி 2 என்னும் அளவிற்குக் குறைகிறது. அப்போது நீர் எண்ணெய் போன்ற கரைப்பானாகிறது. கரிமச் சேர்மங்களும் ஆக்சிசனும் அதில் முழுமையாகக் கலந்து விரைவாக வினைபுரிகின்றன. ஆனால், கரிமப் பொருளைக் கரைக்கும் அதே இயல்பே உப்பை வெளியே தள்ளுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 360 கிராம் சோடியம் குளோரைடு கரையும். 500 பாகையிலும் 25 மெகாபாசுக்கல் அழுத்தத்திலும் ஒரு கிராமின் சிறு பகுதியே கரையும்.

உப்பு உருவாதல்

கழிவிலுள்ள கார்பன், கார்பன் டை ஆக்சைடாகவும் ஐதரசன், நீராகவும் மாறுகின்றன. குளோரின், கந்தகம், பாசுபரசு ஆகியவை அமிலங்களாகின்றன. இவ்வமிலங்கள் நிக்கல் கலப்புலோகங்களையும் அரிக்க வல்லவை. அரிமானத்தைத் தடுக்கச் சோடியம் ஐதராக்சைடு சேர்த்தால் அமிலம் நடுநிலையாகி உப்பு உண்டாகிறது. எனவே, அரிமானத்தைக் குறைக்கும் செயலே அடைப்பிற்கு வழிவகுக்கிறது.

உப்பு வகைகள்

சோடியம் குளோரைடு போன்ற முதல் வகை உப்புகள், வெப்பநிலை உயரும்போது முதலில் அடர்ந்த உவர்க்கரைசலாகப் பிரிகின்றன. மேலும் சூடாகும்போதே திண்மமாகின்றன. சோடியம் சல்பேட்டு, சோடியம் கார்பனேட்டு போன்ற இரண்டாம் வகை உப்புகள் நேரடியாக நுண்ணிய திண்மத் துகள்களாக வெளிப்பட்டு, சூடான சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகையால் இவை கூடுதல் இடர் விளைவிப்பவை.

பிரிக்கும் முறைகள்

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் மோடெல், மீமாறுநிலை நீர் ஆக்சிசனேற்றத்திற்கு 1982 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமம் பெற்றார். அவர் தோற்றுவித்த மோடார் நிறுவனத்தின் செங்குத்து வினைக்கலனில் மேற்பகுதி மீமாறுநிலையிலும் அடிப்பகுதி அதனினும் குறைந்த வெப்பநிலையிலும் இருக்கும். மேலே உருவாகும் உப்பு கீழே விழுந்து, குளிர்ந்த நீரில் மீண்டும் கரைந்து வெளியேறும். தூய்மையான நீர்மம் மேல்வழியாகச் செல்லும்.

கசியும் சுவர் வினைக்கலனில், நுண்துளைகள் கொண்ட உட்சுவர் வழியாகத் தூய நீர் தொடர்ந்து உட்செலுத்தப்படுகிறது. இந்நீர்ப்படலம் உப்பையும் அமிலத்தையும் சுவரை அணுகவிடாமல் காக்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் குளிர்ந்த நீரால் கழுவுதலும் ஒரு முறையாகும்.

நடைமுறை முக்கியத்துவம்

1994 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஹன்ட்ஸ்மன் நிறுவனத்திற்காக அமைக்கப்பட்ட வணிக நிலையம், ஆல்ககால், கிளைக்கால், அமீன் கழிவுகளைக் கையாண்டது. இவை உப்பை மிகுதியாக உருவாக்காதவை. ஆனால் இம்முறை பெரிதும் தேவைப்படும் குளோரினேற்றக் கரைப்பான்களும் வேதிப் போர் நஞ்சுகளும் உப்பை மிகுதியாகத் தருபவை. எடுத்துக்காட்டாக, சாரின் நஞ்சைச் சோடியம் ஐதராக்சைடால் சிதைத்துப் பெறும் நீர்மத்தை ஆக்சிசனேற்றினால் சோடியம் பாசுபேட்டும் சோடியம் புளோரைடும் எஞ்சுகின்றன. உப்பை இடைவிடாது வெளியேற்ற இயலாவிடில், வினைக்கலனை அடிக்கடி நிறுத்திக் கழுவ நேர்கிறது.