தாதியரின் பணியழுத்தமும் அதைக் கேட்கும் சொற்களும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்தோர்க்கு 'டிரெசர்' என்ற சொல் இன்றும் நினைவிருக்கும். தோட்ட மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும், காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்தவரும், நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பப்பட்டவரும் அவரே. மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்து போவார். ஏனைய நாள்களில் நோயாளியைச் சிரம்பான் மருத்துவமனைக்கு அனுப்புவதா, தோட்டத்திலேயே வைத்துப் பார்ப்பதா என்னும் முடிவு டிரெசரின் தலையில் விழுந்தது. வண்டியோ நிருவாகியின் கையில் இருந்தது. நோய்ச்சீட்டு எழுதினால் வேலைக்கு ஆள் குறைகிறதென்று அலுவலகம் முகம் சுளிக்கும்; எழுதாவிட்டால் மாலையில் அதே தொழிலாளியின் முகத்தில் விழிக்க வேண்டும்.

இந்நிலையை விளக்கும் கருத்து ஒன்றை ராபர்ட் கராசெக் என்னும் ஆய்வாளர் 1979இல் முன்வைத்தார். வேலை மிகுதி மட்டுமே ஒருவரை நோகச் செய்வதில்லை. மிகுந்த வேலையும், அவ்வேலையை எப்படிச் செய்வதென முடிவுசெய்யும் உரிமைக் குறைவும் ஒருங்கே சேரும்போதுதான் அழுத்தம் கடுமையாகிறது என்பது அவர் துணிபு. துணை நிற்பார் இல்லாமை என்னும் மூன்றாவது கூற்றைப் பின்வந்தோர் சேர்த்தனர். நம் டிரெசரிடம் மூன்றும் இருந்தன என்று சொல்ல ஆய்வுக்கருவி எதுவும் தேவையில்லை.

தாதியர் பணியை ஆராய்ந்தவர்களுள் இசபெல் மென்சீஸ் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். இலண்டன் மருத்துவமனை ஒன்றில் பயிற்சித் தாதியரைக் கவனித்து அவர் எழுதிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. பயிற்சியில் சேர்வோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதை முடிக்காமலே விலகினர். நோயாளியைப் பெயரால் அழையாமல் படுக்கை எண்ணால் குறிப்பது, ஒரே தாதி ஒரே நோயாளியிடம் நீடித்திராதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, அடிக்கடி கூடம் மாற்றுவது ஆகிய வழக்கங்கள் தாதியரை மரண அச்சத்திலிருந்து காக்க எழுந்தவை என்றும், அவையே அவர்களைப் பணியிலிருந்து அந்நியப்படுத்தின என்றும் அவர் கண்டார். தோட்டத்து மருத்துவப் பணியாளர்க்கு இந்த வேலியும் இல்லை. அவருக்கு நோயாளி எண்ணாக முடியாது. அடுத்த லயத்து அண்ணனாகவோ, பிள்ளையைத் தம்மிடம் தூக்கி வந்த அக்காளாகவோதான் இருப்பார்.

பின்னர் அளவுகோல்கள் வந்தன. பமேலா கிரே-டாஃப்ட், ஜேம்ஸ் ஆண்டர்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட தாதியர் அழுத்த அளவுகோல் 34 கூற்றுகளைக் கொண்டது. நோயாளியின் மரணம், மருத்துவரோடு முரண்பாடு, பயிற்சிப் போதாமை, ஆதரவின்மை, சக தாதியரோடு பூசல், பணிச்சுமை, சிகிச்சை பற்றிய உறுதியின்மை என ஏழு வகையாக அது அழுத்தத்தைப் பகுக்கிறது. அதே ஆண்டில் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் பணிச்சோர்வை அளக்கும் கருவியை வெளியிட்டனர். உலகெங்கும் தாதியர் ஆய்வுகளில் இவை இரண்டும் திரும்பத் திரும்பக் கையாளப்படுகின்றன.

சிகிச்சை பற்றிய உறுதியின்மை என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சிக்காமாட் வழியாகப் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கை அடைந்தது. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய நச்சுயிரியைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு அமைந்தது. ஏறத்தாழ 265 பேர் நோயுற்றனர்; 105 பேர் இறந்தனர். பெயர் தெரியாத நோயாளரை அந்த மாதங்களில் தொட்டுத் துடைத்துப் பராமரித்தோர் தாதியர்.

நோயாளரோடு தொடர்பிலிருந்த 338 மருத்துவப் பணியாளரிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. 89 பேரின் தோலிலும் 39 பேரின் கண், வாய் முதலிய மென்படலங்களிலும் நோயாளரின் உடல்நீர் பட்டிருந்தது. 12 பேருக்கு ஊசி குத்தியிருந்தது. ஒருவருக்கும் மூளைக்காய்ச்சல் வரவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் அன்று இரவுப்பணி முடித்து வீடு திரும்பித் தம் குழந்தையைத் தூக்கலாமா எனத் தயங்கிய தாதியிடம் இந்த விடை இல்லை. அவ்வச்சம் வீண் என்றும் சொல்வதற்கில்லை: 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா நோயாளியைப் பராமரித்த தாதி லினி அந்நோயாலேயே உயிரிழந்தார். இரத்தம் சொல்லும் செய்தி ஒன்று. மனம் பட்ட பாட்டை அறிய வேண்டுமானால் ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

எந்தச் சொல்லால் கேட்பது? இங்கேதான் ஆய்வாளர்க்கு மொழியாசிரியரின் துணை தேவைப்படுகிறது. மலாயில் அழுத்தத்திற்குத் 'தெக்கானான்', நோயாகிவிட்ட மனச்சோர்வுக்குக் 'கெமுருங்கான்' என இரு சொற்கள் உண்டு. தமிழ் நாளேடுகளோ இரண்டுக்கும் 'மன அழுத்தம்' என்றே எழுதிவிடுகின்றன. 'உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?' என்று வினாத்தாள் கேட்டால், தம்மை நோயாளி என்று ஒப்புக்கொள்ளச் சொல்வதாக ஒரு தாதி கருதி 'இல்லை' என எழுதக்கூடும். பணியழுத்தம் என்று பிரித்து வழங்குவதே என் பரிந்துரை.

மாஸ்லாக் கருவி பணிச்சோர்வின் ஒரு கூறாகக் குறிப்பது, நோயாளியின் துன்பம் தம்மைத் தொடாத நிலை. இதற்கு 'ஆளுமை நீக்கம்' என்னும் மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறேன். படிப்பவர் பதவி நீக்கம் என்று எண்ணிக்கொள்வார்! 'மனம் மரத்துப்போதல்' என்று நம் பாட்டிமாரே சொல்லி வைத்திருக்கிறார்கள். வினாத்தாளைத் தமிழாக்கிய பின், மூலத்தைப் பாராத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து ஒப்பிடுவது ஆய்வு நெறி. மேனிலை வகுப்பு மாணவரும் செய்து பார்க்கத்தக்க பயிற்சி இது; பத்துக் கூற்றுகளைப் பெயர்த்தாலே எங்கே பொருள் வழுவுகிறது என்பது புலப்படும்.

அத்துடன், மூல அளவுகோலில் இல்லாத சில வினாக்களையும் நாம் சேர்க்க வேண்டியிருக்கும். நீங்கள் பராமரிக்கும் நோயாளி உங்கள் உறவினரா, அண்டை வீட்டாரா? பணி முடிந்த பிறகும் உங்கள் கதவைத் தட்டுகிறார்களா? அவசரத்துக்கு வண்டி கேட்டால் யார் அனுமதி தர வேண்டும்?