நாய் வளர்ப்போர் கடமை

மனிதனோடு நெடுங்காலமாக உறவு பூண்ட விலங்குகளுள் நாய் தலையாயது. காவலுக்கும் துணைக்கும் அது சிறந்தது. சிற்றூரில் அதற்குத் தோப்பும் வெட்டவெளியும் உண்டு. பெருநகரின் நிலை வேறு. அங்கு மண் மறைந்து கல்லும் காரையும் பரவியுள்ளன. ஒரே நடைபாதையில் நாள்தோறும் ஆயிரவர் நடப்பர். ஒருவருடைய நாய் அங்கு விட்ட கழிவு மற்றொருவர் காலிற் பட்டே தீரும். இச்சிக்கலை அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரம் எங்ஙனம் தீர்க்க முயன்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

1970களில் அந்நகரில் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். நாய்களும் இலட்சக்கணக்கில் இருந்தன. நாயை நடைபாதையினின்றும் விலக்கித் தெருவோரத்திற்குக் கொண்டு செல்லுமாறு அறிவிப்புப் பலகைகள் கூறின. ஆனால் கழிவை அகற்றும் பொறுப்பு வளர்ப்போருக்கு இல்லை. அதனால் மக்களின் முறையீடுகள் பெருகின.

குழந்தைகள் நலம் நாடியோர் கூறிய காரணம் கருதத்தக்கது. நாயின் குடலில் டாக்சோகாரா என்னும் உருண்டைப்புழு வாழ்வதுண்டு. அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்படும். வெளிப்பட்டவுடன் அவை நோய் தருவதில்லை. மண்ணிற் கிடந்து சில வாரங்கள் முதிர்ந்த பின்னரே நோய் தரும் ஆற்றல் பெறும். மண்ணில் விளையாடும் குழந்தை கையைக் கழுவாது வாயில் வைப்பின், அவை உடலிற் புகும். புழுவின் இளவுயிர் கண்ணை அடையின் பார்வையும் கெடக்கூடும். கழிவை அப்பொழுதே அகற்றினால் இத்தீங்கு முளையிலேயே ஒழியும் அன்றோ? மேலும், மழைக்காலத்தில் தெருக்கழிவு வடிகால் வழியே சென்று நீர்நிலைகளையும் மாசுபடுத்தும்.

தம் நாயின் கழிவை வளர்ப்போரே அகற்றுதல் வேண்டும் என்னும் சட்டம் 1978ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது அந்நகரின் மேயராக இருந்தவர் எட்வர்டு காச் என்பார். கண்பார்வையற்றோர் வழிகாட்டி நாயோடு செல்லுங்கால் இச்சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. மீறுவோர் இந்நாளில் 250 டாலர் வரை தண்டம் செலுத்த நேரும்.

இவ்வாறு கட்டாயப்படுத்தினால் பலர் நாய்களைக் கைவிட்டுவிடுவர் எனச் சிலர் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. நாய்கள் நகரிலேயே வாழ்ந்தன. வளர்ப்போர் கையில் ஒரு பை மட்டும் புதிதாக ஏறியது.

பாரிசு நகரம் வேறொரு வழியை மேற்கொண்டது. 1980களில் கழிவை உறிஞ்சியெடுக்கும் கருவி பொருத்திய மோட்டார் சைக்கிள்களை அந்நகராட்சி தெருக்களில் ஓடவிட்டது. அதற்குச் செலவு மிகுந்தது. தெருவோ முற்றும் தூய்மையாகவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறையைக் கைவிட்டு, வளர்ப்போர் மீதே பொறுப்பைச் சுமத்தியது. ஒருவர் செய்ய வேண்டியதை ஊரார் பொருளால் செய்து முடித்தல் அரிது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் சட்டம் ஒன்றே போதாது. குற்றம் நிகழுங்கால் அலுவலர் நேரிற் கண்டாலன்றித் தண்டம் விதித்தல் எளிதன்று. ஆதலின் நியூயார்க்கிலும் தண்டம் பெற்றோர் சிலரே. தெருவைக் காத்தது தண்டத்தைவிட, அயலார் பார்வைக்கு நாணும் பண்பேயாகும். அப்பண்பு வேரூன்றிய பின், ஒருவரும் காணாத விடியற்காலையிலும் பலர் குனிந்து கழிவை எடுக்கின்றனர்.

நாய்க்கு நடைபாதையும் தெரியாது, சட்டமும் தெரியாது. ஆகவே குற்றம் நாயினுடையதன்று. அதனைக் கயிற்றிற் பிடித்துச் செல்பவர் அதன் காவலுக்கும் அன்புக்கும் உரியவர் எனின், அதன் கழிவுக்கும் உரியவரே ஆவர். அதனை விட்டுச் செல்வாராயின், மறுநாட் காலையில் துப்புரவுத் தொழிலாளர் ஒருவரே அதனை அள்ள நேரும். நாம் தொட அருவருக்கும் ஒன்றைப் பிறர் கைக்கு விடுதல் முறையாகுமா? இதனை எண்ணி நடத்தலே நகர வாழ்வின் முதல் ஒழுக்கமாகும்.